ரேசிங் கேமில் ஆட்டோ கியரை விட்டு மேனுவலுக்கு மாறுவது எப்படி?

வளைவை நல்லபடியாகத் திரும்பிவிட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். கார் ஒரு கணம் தயங்குகிறது. நான்காவது கியரிலேயே மூச்சு வாங்கிக்கொண்டிருந்துவிட்டு, அப்புறம் திடீரென்று மூன்றுக்கு இறங்குகிறது, அந்த உதறலில் பின்பக்கம் வழுக்க, நீங்கள் அதைச் சமாளித்து நேராக்குவதற்குள் பின்னால் வந்தவர் உள்பக்கமாக நுழைந்து போய்விடுகிறார். ஆட்டோமேட்டிக் கியரில் கொஞ்ச நாள் ஓட்டிய எல்லோருக்கும் இது நடந்திருக்கும். பலர் இதைத் தங்கள் ஸ்டீயரிங் தப்பு என்று நினைத்து, அதைத் திருத்தப் பார்த்தே நாட்களைக் கழிக்கிறார்கள்.

நடந்தது என்னவென்றால், ஆட்டோ கியருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து அது கியரை மாற்றுகிறது. அடுத்து வருவது கூர்மையான வளைவா, நீளமான நேர்பாதையா என்பது உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே கியரை மாற்றும் மேனுவலால் வரும் லாபம் முழுக்க இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து வருகிறது. விரலை வேகமாக அசைப்பதால் நொடிகள் குறைவதில்லை. வளைவுக்குள் நுழையும் முன்பே, வெளியே வரும்போது வேண்டிய கியரில் இருப்பதால்தான் குறைகிறது. இது மனதில் பதிந்துவிட்டால் கீழே சொல்லும் மற்றதெல்லாம் எளிது.

யார் இப்போதைக்கு ஆட்டோவிலேயே இருக்கலாம்? ரேசிங் கேமே புதிது, பிரேக் எங்கே பிடிப்பது என்றே இன்னும் பிடிபடவில்லை என்றால் தயவுசெய்து ஆட்டோவிலேயே ஓட்டுங்கள். பிரேக்கும் பாதையும் கைக்கு வரும் முன் கியரையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டால் மூன்றுமே அரைகுறையாகும். ஒரு டிராக்கில் பத்து லேப் விபத்தில்லாமல், லேப் நேரம் பெரிதாக ஏறி இறங்காமல் ஓட்ட முடிகிறதா? அப்படியானால் நீங்கள் தயார். கை விரல்களில் சிரமம் உள்ளவர்கள், வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் நிம்மதியாக ஓட்டினால் போதும் என்பவர்கள் ஆட்டோவிலேயே தொடர்வதில் எந்தக் குறைவும் இல்லை. ஆட்டோவில் ஓட்டுவதைக் கேவலமாகப் பேசுபவர்களை நான் மதிப்பதில்லை.

ஆனால் பின்பக்கத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டுத் திரும்பும் டிரிஃப்ட்டோ, மண் பாதை ராலியோ பிடிக்கும் என்றால் மேனுவல் இல்லாமல் முடியாது. அங்கே சக்கரம் பிடி இல்லாமல் சுற்றும்போது இன்ஜின் சுற்றும் எகிறும். ஆட்டோ அதைப் பார்த்து, கார் வேகமாகப் போகிறது என்று எடுத்துக்கொண்டு கியரை ஏற்றிவிடும். டிரிஃப்ட் அந்த இடத்திலேயே செத்துவிடும்.

முதலில் செட்டிங்கும் பட்டனும்

கேமின் உதவி அமைப்புகளில் கியருக்கு வழக்கமாக மூன்று தேர்வுகள் இருக்கும்: ஆட்டோமேட்டிக், மேனுவல், கிளட்சோடு மேனுவல். நடுவில் உள்ளதை எடுங்கள். கிளட்ச் இப்போது வேண்டாம். நான் தொடங்கியபோது மூன்றாவதை எடுத்து, இரண்டு நாளில் வெறுத்துப்போய் பல மாதம் மேனுவல் பக்கமே வரவில்லை. அந்த மாதங்கள் வீண். எஃப்1 (ஃபார்முலா 1) கேம்களில் ‘பரிந்துரைக்கும் கியருடன் மேனுவல்’ என்று ஒரு தேர்வு உண்டு, கிரான் டூரிஸ்மோவிலும் வளைவு நெருங்கும்போது எந்தக் கியர் சரி என்று திரையில் எண் காட்டும். தொடக்கத்தில் இது பெரிய துணை, கூச்சப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரில் ஓட்டுபவர்களுக்கு இரண்டு வழி. வலது கட்டைவிரலால் முகப்புப் பட்டன்களை அழுத்துவது ஒன்று. ஃபோர்ஸா ஹொரைசனில் இயல்பாக பி பட்டன் கியரை ஏற்றும், எக்ஸ் இறக்கும். இன்னொன்று, மேலே இருக்கும் தோள் பட்டன்களுக்கு மாற்றிக்கொள்வது, வலது ஏற்ற, இடது இறக்க. தோள் பட்டன் பார்க்க ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் இழுக்கும் பேடில் போல இருப்பதால் பலருக்குப் பிடிக்கிறது, ஆனால் ஆள்காட்டி விரல் பிரேக், ஆக்ஸிலரேட்டரிலிருந்து எழுந்து போய் வர வேண்டியிருக்கும், அல்லது நடுவிரலுக்கு வேலை கொடுக்கப் பழக வேண்டும். பிரேக் பிடித்துக்கொண்டே கியரை இறக்குவதுதான் முக்கிய வேலை என்பதால், தொடங்குபவர்களுக்குக் கட்டைவிரல் வழியைத்தான் நான் சொல்வேன். கீபோர்டு என்றால் வலது கை அம்புக்குறிகளில் இருக்கட்டும், இடது கைக்கு அருகருகே இரண்டு எழுத்துகளைக் கியருக்குக் கொடுங்கள். ஸ்டீயரிங் வீல் இருந்தால் பேடிலோடு தொடங்குங்கள், தனி ஷிஃப்டர் (கியர் லீவர்) பிறகு.

இன்னும் ஒன்று. கேமில் ஓடும் இசையை அணைத்து, இன்ஜின் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். கியர் மாற்றுவதைக் காதால்தான் கற்றுக்கொள்ள முடியும். திரையின் மூலையில் இருக்கும் மீட்டரைப் பார்க்கப் போனால் பாதையை விட்டுவிடுவீர்கள்.

எந்த கார், எந்த டிராக்

சக்தி குறைந்த, பின்சக்கர டிரைவ் உள்ள சின்ன காரை எடுங்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 இதற்கென்றே செய்தது போல இருக்கும், பல பெரிய கேம்களில் உண்டு. கியர் தப்பாக விழுந்தாலும் திரும்பிப் பிடிக்க நேரம் கொடுக்கும். 700 குதிரைத்திறன் காரில் கற்றுக்கொள்ளப் போனால் ஒவ்வொரு தப்புக்கும் சுவரில் போய் முடிவீர்கள், என்ன தப்பு என்று புரிவதற்குள் அடுத்த தப்பு நடந்துவிடும். மின்சார கார் வேண்டவே வேண்டாம், பெரும்பாலானவற்றில் ஒரே கியர்தான். போர்ஷே டைகானில் பின்பக்க மோட்டாருக்கு இரண்டு கியர் இருக்கிறது, அவ்வளவே.

டிராக் சின்னதாக இருக்கட்டும். ஜப்பானின் சுக்குபா சுமார் 2 கிலோமீட்டர், பிரிட்டனின் பிராண்ட்ஸ் ஹாட்ச் இண்டி அமைப்பு அதைவிடக் கொஞ்சம் குறைவு. ஒரே வளைவு ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும், கைக்கு அதுதான் பயிற்சி. 20 கிலோமீட்டருக்கு மேல் நீளும் நூர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃபேவில் பழகினால் ஒரு வளைவை மறுபடி பார்ப்பதற்குள் கற்றதை மறந்திருப்பீர்கள்.

கியரை ஏற்றுவது

இதுதான் எளிதான பாதி. முதல் ஐந்து லேப்பில் வேகம் பற்றிய நினைப்பே வேண்டாம். நேர்பாதையில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்தி, இன்ஜின் சத்தம் உச்சத்துக்குப் போய் அதற்கு மேல் ஏறாமல் இடறும் இடத்தைக் கேளுங்கள். அந்த இடறல்தான் எல்லை. அதைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் கியரை ஏற்ற வேண்டும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து விரலை எடுக்கத் தேவையில்லை, கிளட்ச் இல்லாத மேனுவலில் பெரும்பாலான கேம்கள் அதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஏன் அவ்வளவு மேலே கொண்டுபோய் மாற்ற வேண்டும்? ஒரு நிஜ காரின் எண்களோடு பார்ப்போம். 1999-இல் வந்த ஹோண்டா எஸ்2000-இன் 2 லிட்டர் இன்ஜின் 9000 சுற்று வரை போகும், உச்ச சக்தி 8300-இல். சுமார் 6000-ஐத் தாண்டும்போதுதான் அதன் விடெக் வால்வு அமைப்பு மாறி இன்ஜின் உயிர் பெறும். இரண்டாவது கியரின் விகிதம் 2.045, மூன்றாவதன் விகிதம் 1.481. 9000-இல் மாற்றினால் சுற்று ஏறத்தாழ 6500-க்கு இறங்கும், அதாவது உயிர் இருக்கும் பகுதியிலேயே விழுவீர்கள். பயந்துபோய் 7500-இல் மாற்றினால் 5400-க்குப் போய்விடும், விடெக் மாறும் இடத்துக்குக் கீழே, கார் படுத்துக்கொள்ளும். ஆர்வமாக இருப்பவர்கள் தங்கள் காருக்கும் இதே கணக்கைப் போடலாம்: மாற்றும் சுற்றை அடுத்த கியரின் விகிதத்தால் பெருக்கி இப்போதைய கியரின் விகிதத்தால் வகுத்தால் எங்கே விழுவோம் என்று தெரிந்துவிடும்.

எல்லா காரும் இப்படி இல்லை. சில டர்போ கார்களில் மீட்டரில் இன்ஜின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோட்டுக்கு வெகு முன்னாலேயே சக்தி சரியத் தொடங்கும், அங்கே கடைசி வரை இழுப்பது நஷ்டம். டீசல் இன்னும் தெளிவான உதாரணம். 2006-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற முதல் டீசல் கார், ஆடி ஆர்10, பெட்ரோல் பந்தயக் கார்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த சுற்றில் வேலையை முடித்துவிடும். புதிய கார் எடுத்தால் நேர்பாதையில் ஒருமுறை உச்சத்திலும் ஒருமுறை 500 சுற்று முன்னாலும் மாற்றி, முடிவில் எது அதிக வேகம் காட்டுகிறது என்று பாருங்கள். இரண்டு லேப்பில் முடிகிற சோதனை.

கியரை இறக்குவது

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருபவர்கள் தடுமாறுவதும், பழகியவர்கள் லாபம் பார்ப்பதும் இதில்தான்.

வரிசை இது: முதலில் பிரேக், அப்புறம் கியர். பிரேக்கை அழுத்தியவுடனேயே கியர்களைப் படபடவென்று இறக்கக் கூடாது. வேகம் குறையக் குறைய, இன்ஜின் சத்தம் கொஞ்சம் தணிந்ததும் ஒன்று, மறுபடி தணிந்ததும் இன்னொன்று. உதாரணத்துக்கு இத்தாலியின் மோன்சா டிராக்கின் முதல் வளைவு. எஃப்1 கார் 8-ஆவது கியரில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் வந்து 100-க்கும் கீழே இறங்க வேண்டும். இரண்டாவது கியருக்குப் போக ஆறு முறை இறக்கணும். அந்த ஆறையும் பிரேக் பிடிக்கும் தூரம் முழுக்கச் சீராகப் பரப்ப வேண்டும், கடைசி இறக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பத் தொடங்கும்போது முடிந்திருக்க வேண்டும். வாயால் எண்ணிப் பாருங்கள். ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு. எனக்கு இந்தத் தாளம் வந்தது எண்ணித்தான்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்? இரண்டில் ஒன்று நடக்கும். பெரும்பாலான நவீன பந்தய கார்களில் இன்ஜின் எல்லை மீறும் என்றால் கியர்பெட்டி இறக்க மறுத்துவிடும், கேமும் அதை அப்படியே செய்யும். நீங்கள் மூன்று முறை அழுத்தியிருப்பீர்கள், இரண்டு தான் விழுந்திருக்கும். இரண்டாவதில் இருக்கிறோம் என்று நினைத்து வெளியேறினால் மூன்றாவதில் மந்தமாகக் கிளம்பும். பட்டன் வேலை செய்யவில்லை என்று கோபப்படும் பலருக்கும் காரணம் இதுதான். அழுத்தும்போது சத்தம் எகிறியதா என்று காது கேட்டுக்கொண்டே இருக்கணும், எகிறவில்லை என்றால் கியர் விழவில்லை, ஒரு கணம் விட்டு மறுபடி அழுத்த வேண்டும்.

மறுக்காத கார் என்றால் இன்னும் மோசம். கியர் இறங்கியதும் இன்ஜின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், இன்ஜின் பிரேக்கிங் என்பது அதுதான். பின்சக்கர டிரைவ் காரில் அந்த இழுப்பு பின்சக்கரங்களுக்கு மட்டும் போகும். நேராகப் போகும்போது இது உதவி. பாதி திரும்பிய நிலையில், பிரேக்கும் பிடித்திருக்கும்போது கியரை இறக்கினால் பின்சக்கரம் பிடியை விட்டு கார் சுழன்று நிற்கும். வளைவு நுழைவில் காரணமே தெரியாமல் சுழல்கிறது என்றால் கடைசி இறக்கத்தை ஒரு கார் நீளம் முன்கூட்டியே, கார் நேராக இருக்கும்போதே முடித்துப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு எண்

ஒரு டிராக்கைக் கற்றுக்கொள்வது என்றால் அதன் கியர் எண்களை மனப்பாடம் செய்வதும் சேர்ந்ததுதான். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: முதல் வளைவு இரண்டு, அடுத்தது மூன்று, அந்த நீள வளைவு நான்கு. மொனாக்கோவின் ஹேர்பின் (வந்த பக்கமே திரும்பும் வளைவு) போன்ற மிக மெதுவான இடம் தவிர முதல் கியருக்கு வேலை அதிகம் இருக்காது, சாதாரண கார்களில் அது கிளம்புவதற்கான கியர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டா மூன்றா என்று சந்தேகம் வந்தால் இரண்டு லேப் இதிலும் இரண்டு லேப் அதிலும் ஓட்டிப் பாருங்கள். கவனிக்க வேண்டியது வளைவுக்குள் இருக்கும் வேகத்தை அல்ல, அதற்குப் பின்வரும் நேர்பாதையின் முடிவில் மீட்டர் என்ன காட்டுகிறது என்பதை. குறைந்த கியரில் சத்தமும் ஆவேசமும் அதிகம் இருப்பதால் வேகமாகப் போவது போலவே தோன்றும், ஆனால் டயர் பிடி இல்லாமல் சுழன்றுகொண்டிருந்தால் அந்த ஆவேசம் சாலைக்குப் போய்ச் சேராது. இரண்டும் சமமாக வந்தால் உயர்ந்த கியரை எடுங்கள். கார் அமைதியாக இருக்கும், வளைவு நடுவில் கியர் மாற்ற வேண்டிய அவசியமும் வராது.

இதே தர்க்கத்தின் அடுத்த படி, கியரைச் சீக்கிரமே ஏற்றிவிடுவது. சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் உதவியை அணைத்துவிட்டு எஃப்1 கேமில் மெதுவான வளைவிலிருந்து இரண்டாவதில் வெளியேறினால் பின்சக்கரம் உடனே சுழலும். உச்சம் வரை காத்திருக்காமல் சட்டென்று மூன்றுக்கு ஏற்றினால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு குறைந்து டயர் சாலையைப் பிடிக்கும். மழையில் இது இல்லாமல் ஓட்டவே முடியாது. எரிபொருள் கணக்கிடும் நீண்ட பந்தயங்களில் நேர்பாதையிலும் இப்படிக் கொஞ்சம் முன்கூட்டியே ஏற்றி எரிபொருளை மிச்சம் பிடிக்கலாம். ஆட்டோவால் இது எதுவும் செய்ய முடியாது.

முதல் வாரம் லேப் நேரம் மோசமாகத்தான் இருக்கும். அப்போது ஆட்டோவுக்குத் திரும்பிப் போகாதீர்கள், அந்த வாரம் நேரப் பலகையைப் பார்க்காமல் ஓட்டுங்கள். ஆன்லைன் பந்தயமும் வேண்டாம், மற்றவர்கள் மேல் போய் மோதுவது அவர்கள் பந்தயத்தையும் கெடுக்கும். கியரைப் பற்றி யோசிக்காமலேயே ஒரு முழு லேப் முடித்திருக்கிறோம் என்று ஒரு நாள் கவனிப்பீர்கள். அதற்கு அப்புறம் பந்தயத்துக்குப் போகலாம், பரிந்துரை எண்ணையும் அணைக்கலாம்.

கிளட்ச், பேடில், ஷிஃப்டர்

கிளட்ச் எல்லோருக்கும் தேவையில்லை. 1989-இல் ஃபெராரியின் 640 கார் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் வைத்து வந்தது, பிரேசிலில் நடந்த அதன் முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் அதை ஓட்டி வென்றார். பிறகு எஃப்1 முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. 2014 முதல் எஃப்1 காரில் எட்டு கியர், எல்லாம் விரல் நுனியில். முழு ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி 2004-இலிருந்து அங்கே தடை, எப்போது மாற்றுவது என்பதை ஓட்டுநர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே எஃப்1, ஜிடி3 (சாலை கார்களை வைத்துச் செய்யும் பந்தய வகை) கார்களில் கிளட்ச் இல்லாத மேனுவல்தான் நிஜத்தோடு ஒத்துப்போவது.

ஃபோர்ஸா ஹொரைசன் மட்டும் தனிக் கதை. அங்கே கிளட்சோடு மாற்றினால் சாதாரண மேனுவலைவிட வேகமாக மாறும், உதவிகளை அணைத்ததற்காகக் கிடைக்கும் பரிசுத் தொகையும் கூடும். இடது தோள் பட்டன் கிளட்ச். அதையும் கியர் பட்டனையும் கிட்டத்தட்ட ஒன்றாக, கிளட்ச் ஒரு இமைப்பொழுது முன்னால் வருமாறு அழுத்த வேண்டும், ஆக்ஸிலரேட்டரை விட வேண்டாம். சாதாரண மேனுவல் கைவந்த பிறகு ஒரு மாலையில் பழகிவிடும்.

பழைய கார்களின் மேல் ஆசை இருந்தால் கடைசியாக ஹெச் வடிவ ஷிஃப்டருக்கு வாருங்கள். லாஜிடெக் ஜி29 போன்ற வீல்களில் மூன்று பெடல் கூடவே வரும், ஷிஃப்டரைத் தனியாக வாங்கணும். இதில் எந்தக் கியரிலிருந்தும் எந்தக் கியருக்கும் நேரே போகலாம், வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். ஐந்துக்குப் போகும் கை தவறி மூன்றில் விழுந்தால் அசெட்டோ கோர்ஸா போன்ற கேம்களில் இன்ஜின் அந்த இடத்திலேயே பழுதாகும், தடுக்க யாரும் இல்லை. அதனால் குமிழை இறுக்கிப் பிடிக்காதீர்கள். மூன்றுக்கும் நான்குக்கும் உள்ளங்கையால் தள்ளும்போது நடு ஸ்பிரிங்கே சரியான வரிசைக்குக் கொண்டுவரும், ஐந்துக்கு மட்டும் வலப்பக்கம் தள்ளிவிட்டு மேலே கொண்டுபோக வேண்டும். இறக்கும்போது கிளட்ச் அழுந்தியிருக்கும் நேரத்தில் வலது காலின் ஓரத்தால் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜின் சுற்றை ஏற்றிவிட்டு அப்புறம் கிளட்சை விட வேண்டும், இல்லையென்றால் பின்சக்கரம் கீச்சிடும். கட்டைவிரல் பக்கத்துப் பாதம் பிரேக்கில், ஓரப்பாதம் ஆக்ஸிலரேட்டரில். முதலில் காரை நிறுத்தி வைத்தே, கேமைத் திறக்காமல்கூட, பெடல்களில் இந்த அசைவைப் பத்து நிமிடம் செய்து பாருங்கள். பிரேக் அழுத்தம் மாறாமல் தட்ட வரும்வரை டிராக்குக்குப் போக வேண்டாம்.